மலைச் சாலையும் மழைத் தண்ணீரும்

ஐப்பசி மாதத்து அடைமழையில் மேட்டுப்பாளையத்திலிருந்து நீலகிரிக்கு ஏறுகிறவர்கள், கல்லாற்றுப் பாலத்தைத் தாண்டும்போது ஒரு கணம் வண்டியின் ஜன்னல் வழியாகக் கீழே பார்க்கலாம். பங்குனி மாதத்தில் கூழாங்கற்களைக் கண்ணாடிபோல் காட்டிக்கொண்டு மெலிந்து ஓடிய ஆறு, இப்போது செங்கல்லைக் கரைத்து ஊற்றினாற்போல் சிவந்து புரளும். "மலையில் நல்ல மழை!" என்று வண்டியோட்டி திருப்தியுடன் சொல்வார். பிரயாணிகளும் தலையை ஆட்டிவிட்டு, அடுத்த வளைவில் தலை சுற்றாமலிருக்க எலுமிச்சம் பழத்தை எடுத்து முகரத் தொடங்குவார்கள்.

நல்ல மழை என்பதில் சந்தேகமில்லை. ஆனால் மழைத் தண்ணீருக்கு நிறம் கிடையாதே! அந்தச் சிவப்பு, மலையின் மேல்தோல். காட்டை அழித்த சரிவுகளிலிருந்து அது வந்திருக்கலாம். உருளைக்கிழங்குப் பாத்திகளிலிருந்து வந்திருக்கலாம். அவற்றைப் பற்றி நாம் நிறையப் பேசிவிட்டோம். பேசாத ஒன்று இருக்கிறது. நம்முடைய வண்டி எதன்மேல் ஏறிக்கொண்டிருக்கிறதோ அந்தச் சாலையும், அதிலிருந்து கிளைத்துத் தேயிலைத் தோட்டத்துக்கும் கோயிலுக்கும் அருவிக்கும் போகிற ஒற்றையடிப் பாதைகளும் அந்தச் சிவப்பில் தங்கள் பங்கைச் சேர்க்கின்றன. பரப்பைக் கணக்கிட்டால் அவை மலையின் உடம்பில் ஒரு நூல் கனந்தான் இருக்கும். அவை பறித்துக்கொண்டு போகும் மண்ணோ அந்தக் கணக்குக்குச் சிறிதும் பொருந்துவதில்லை.

மழையை மலை குடிக்கும் விதம்

இது ஏன் என்று அறிய, முதலில் பாதையே இல்லாத ஒரு மலைச் சரிவை நினைத்துப் பார்க்க வேண்டும். நீலகிரியில் இன்னும் மிஞ்சியிருக்கும் சோலை ஒன்றில் மழை பெய்கிறது. வானத்திலிருந்து வரும் பெரிய துளி ஒன்று விநாடிக்கு முப்பது அடி வேகத்தில் விழுகிறது. அது நேரே மண்ணில் விழுந்தால் சிறு குண்டு வெடித்தாற்போல் மண்பொடி தெறிக்கும். சோலையில் அப்படி விழ முடியாது. இலை தாங்குகிறது, இலையிலிருந்து கிளைக்கும், கிளையிலிருந்து பாசி படர்ந்த அடிமரத்துக்கும் இறங்குகிறது, கடைசியில் சருகு மெத்தையின்மேல் சொட்டுகிறது. சருகுக்கு அடியில் வேர்களும் மண்புழுக்களும் துளைத்துத் துளைத்து மண்ணைக் கடற்பஞ்சு போலாக்கி வைத்திருக்கின்றன. தண்ணீர் அதில் சத்தமில்லாமல் இறங்கிவிடுகிறது. பெருமழை பெய்து ஓய்ந்த பிறகு சோலைக்குள் போய்ப் பார்த்தால், தரைமேல் ஓடும் தண்ணீரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அது மண்ணுக்குள் மெல்ல மெல்ல நகர்ந்து, சில நாளோ சில மாதமோ கழித்து, பள்ளத்தில் ஊற்றாக வெளிவருகிறது. கோடையில் பவானியில் தண்ணீர் வருவது இந்தத் தாமதத்தினால்தான். மலையின் புல்வெளிகளும் இதே காரியத்தை வேறு விதமாகச் செய்கின்றன.

இப்போது அந்தச் சரிவில் ஒரு மனிதன் நடக்கிறான். நாளைக்கும் அதே வழியாக வருகிறான். அவன் பின்னால் இன்னும் பத்துப் பேர் வருகிறார்கள்; ஒரு மாடு வருகிறது. முதலில் சருகு பொடிந்து போகிறது. பிறகு புல் சாகிறது. பிறகு மண் இறுகுகிறது. கடற்பஞ்சைக் காலால் மிதித்துக்கொண்டே இருந்தால் அதன் துளைகள் அடைபடுவது போல, மண்ணின் துளைகள் அடைபடுகின்றன. அந்த ஒன்றரை அடி அகலத்தில் விழும் மழைக்கு இனி உள்ளே போக வழியில்லை. அது பாதையிலேயே ஓடத் தொடங்குகிறது. பாதை சற்றுப் பள்ளமாகிவிட்டபடியால், இரு பக்கத்துச் சரிவிலிருந்தும் கசியும் தண்ணீரும் அதில் வந்து சேர்கிறது. மனிதனுக்காக ஏற்பட்ட வழியில் மழைநாளில் தண்ணீர் நடக்கிறது.

ஓடும் தண்ணீரின் வலிமையைப் பற்றி ஒரு கணக்கு உண்டு. வில்லியம் ஹாப்கின்ஸ் என்ற ஆங்கிலக் கணித அறிஞர் 1840களில் அதை எடுத்துக் காட்டினார். ஓட்டத்தின் வேகம் இரட்டித்தால், அது உருட்டிச் செல்லக் கூடிய கல்லின் எடை இரண்டு மடங்கோ நான்கு மடங்கோ ஆவதில்லை. அறுபத்து நான்கு மடங்காகிறது! நேற்று ஒரு பட்டாணியை உருட்டிய ஓடை, வேகம் இரட்டித்தால் நெல்லிக்காய் அளவுள்ள கல்லை உருட்டும். மலைப் பாதை செங்குத்தாக இறங்கும் இடங்களில் மண் போய்ப் பரற்கற்கள் மட்டும் எஞ்சி நிற்பதும், பிறகு ஒரு பெருமழையில் அந்தக் கற்களும் காணாமற் போவதும் இதனாலேதான்.

அப்புறம் நடப்பது மனித சுபாவத்தைச் சேர்ந்த விஷயம். பாதை பள்ளமாகிச் சேறாகிவிட்டால் யாரும் அதில் நடப்பதில்லை. செருப்பு நனையாமலிருக்க ஓரமாகப் புல்லின்மேல் நடக்கிறார்கள். ஓரத்துப் புல்லும் சாகிறது. ஒற்றையடிப் பாதை இரட்டையாகிறது, இரண்டு நாலாகிறது. மலைச் சரிவில் சில இடங்களில் ஐந்தாறு தடங்கள் பக்கத்தில் பக்கத்தில் இறங்குவதைக் காணலாம். அத்தனை தடங்களும் ஒரே கோயிலுக்குத்தான் போகின்றன.

சாலை செய்யும் மூன்று காரியங்கள்

ஒற்றையடிப் பாதை மலையின் தோலைக் கீறுகிறதென்றால், சாலை அதன் சதையை வெட்டுகிறது. சரிந்த நிலத்தில் சமதளமாக ஒரு பட்டை வேண்டுமானால் மேற்பக்கத்தை வெட்ட வேண்டும். வெட்டிய மண்ணைக் கீழ்ப்பக்கத்தில் கொட்டிப் பரப்ப வேண்டும். ஆகவே சாலைக்கு மேலே, காலை வெட்டிய சுவர்போல் ஒரு மண் முகம் நிற்கிறது. சாலைக்குக் கீழே, எங்கிருந்தோ வந்து குவிந்த வேரில்லாத மண் தொங்கிக்கொண்டிருக்கிறது. இரண்டும் நிம்மதியாக இருப்பவை அல்ல.

நீலகிரியின் அடிப்பாறை மிக உறுதியானது. சார்னோக்கைட் என்று அதற்குப் பெயர். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேயரின் கல்லறைமேல் வைத்திருக்கும் கல்லைப் பார்த்து அந்தப் பெயரைச் சூட்டினார்கள். அந்தக் கல்லோ சென்னைக்குப் பக்கத்துப் பல்லாவரம் பகுதியிலிருந்து கப்பலேறிப் போனது. நம் ஊர்க் கல்லுக்கு வங்காளத்துச் சமாதியிலிருந்து நாமகரணம்! அது கிடக்கட்டும். உறுதியான அந்தப் பாறை, யுக யுகமாக மழையில் நனைந்து, மேற்பகுதியில் மக்கிச் செம்மண்ணாகிவிட்டிருக்கிறது. அந்தச் செம்மண் பல இடங்களில் பல பத்து அடி ஆழம். உலர்ந்திருக்கும்போது செங்குத்தாக வெட்டினாலும் அசையாமல் நிற்கும். வெட்டுகிறவனுக்குத் தைரியம் கொடுக்கும். நனைந்து ஊறிவிட்டால் அதன் கதை வேறு. நீரின் பாரமும் ஏறுகிறது. துகள்களை ஒன்றோடொன்று பிடித்து வைக்கும் பிடிமானமும் தளர்கிறது.

சாலை செய்யும் மூன்றாவது காரியம் கண்ணுக்குத் தெரியாதது. மண்ணுக்குள் மெல்ல நகர்ந்து போய்க்கொண்டிருந்த தண்ணீரை வெட்டு முகம் வழிமறிக்கிறது. மழை நின்று இரண்டு நாளான பிறகும் மலைச் சாலையின் உட்பக்கத்து மண் சுவரிலிருந்து தண்ணீர் கசிந்துகொண்டிருப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். குழந்தைகள் அதில் கை நீட்டி விளையாடுவார்கள். மாதக்கணக்கில் பூமிக்குள் பயணம் செய்திருக்க வேண்டிய தண்ணீர் அது. இப்போது வெளியே இழுக்கப்பட்டு, சாலையோர வாய்க்காலில் விழுந்து, அரை மணியில் ஆற்றுக்குப் போய்விடுகிறது. வெள்ளக் காலத்தில் வெள்ளம் கூடுவதற்கும் கோடையில் ஊற்று வற்றுவதற்கும் இந்த ஒரே காரியம் உதவி செய்கிறது.

இத்துடன் தார் போட்ட தளத்தில் நேரே விழும் மழையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இருபத்திரண்டு அடி அகலமுள்ள சாலை ஒரு மைல் நீளம் போகிறது. அதன்மேல் நாலு அங்குல மழை பெய்கிறது. மலைக்கு அது அதிசயமான மழை அல்ல. கணக்குப் போட்டுப் பார்த்தால் சுமார் 11 லட்சம் லிட்டர் வருகிறது. வீட்டுக் குடத்தில் பதினைந்து லிட்டர் பிடிக்கும் என்று வைத்துக்கொண்டால் எழுபதாயிரம் குடத்துக்கு மேல்! ஒரு மைலில், சாலையின் முதுகில் மட்டும் விழுந்தது இது. இதில் ஒரு குடங்கூடத் தாரைத் துளைத்துப் பூமிக்குள் போகாது. எங்கேயாவது போயாக வேண்டும். எங்கே போவது என்று யார் தீர்மானித்தார்கள் என்பதுதான் கேள்வி.

ஓடை வழி மாறும் கதை

சர்க்கார் பதிவேடுகளில் சாலையின் நீளம், அகலம், செலவு எல்லாம் துல்லியமாக இருக்கும். அதில் தண்ணீர் போகும் வழிக்கு இரண்டாம் இடமே கிடைக்கிறது. ஆனால் மலையைப் பொறுத்தவரையில் அதுதான் முதல் விஷயம்.

கோயமுத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-ம் வருஷம் நீலகிரிக்கு ஏறினார். அதற்குச் சில ஆண்டுகளில் சிறுமுகையிலிருந்து கோத்தகிரிப் பக்கம் ஒரு பாதை வெட்டப்பட்டது. 1830களின் தொடக்கத்தில் குன்னூர் வழியாக இன்னொன்று ஏற்பட்டது. அவை சுமை மாடுகளுக்கும், குதிரைக்கும், துரைமாரைப் பல்லக்கில் தூக்கிச் சென்ற மனிதர்களுக்கும் போதுமாயிருந்தன; வண்டிக்கு அந்த ஏற்றம் சரிப்படவில்லை. 1870களின் தொடக்கத்தில் குன்னூருக்குப் புதிய சாலை வந்தது. ஏற்றத்தைக் குறைக்க ஒரே வழிதான் உண்டு: நீளத்தைக் கூட்டுவது. சாலை வளைந்து வளைந்து திரும்புகிறது. கொண்டை ஊசி வளைவு என்று நாம் சொல்வது அதைத்தான். கல்லட்டிச் சாலையில் முப்பத்தாறு, ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு நாற்பது, கொல்லிமலைக்கு எழுபது.

வளைவுகள் கண்ணுக்கு அழகு. அவற்றில் ஒரு சிக்கலும் அடங்கியிருக்கிறது. மேலிருந்து கீழே இறங்கும் ஓடை ஒன்றை, வளைந்து வளைந்து ஏறும் சாலை ஒரு தடவை அல்ல, நாலு ஐந்து தடவை கடக்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு கடப்பிலும் சாலைக்கு அடியில் குறுக்கே ஒரு மதகு வேண்டும். நெடுஞ்சாலைக்காரர்கள் 'கல்வர்ட்' என்று சொல்வது இந்தக் குறுக்கு மதகைத்தான். ஒரு பெருமழையன்று, மேல் வளைவிலுள்ள மதகின் வாயில் ஒரு மரக்கிளை வந்து சிக்கிக்கொள்கிறது. சருகு சேர்கிறது; பிளாஸ்டிக் பைகள் சேர்கின்றன; மண் சேர்கிறது. வாய் அடைபட்டுவிட்டது. ஓடை என்ன செய்யும்? சாலையின்மேல் ஏறும். ஏறியது நேரே தாண்டிக் கீழே தன் பழைய பள்ளத்தில் குதித்துவிட்டால் பெரிய சேதமில்லை. ஆனால் சாலை இறக்கமாகப் போகிறதே! ஓடையும் சாலையோடு திரும்பிவிடுகிறது. இருநூறு முந்நூறு அடி தூரம் தாரின்மேல் ஓடி, ஏதோ ஒரு வளைவில், தாழ்ந்த ஓரத்தைக் கண்டு அங்கே இறங்குகிறது.

அது இறங்கும் இடம் ஓர் ஓடையைக் கண்டே அறியாத சரிவு. அங்கே கரையில்லை, பாறைப் படுகை இல்லை. சாலை போட்டபோது கொட்டிய தளர்ந்த மண்ணும், அதன் கீழே ஒரு தேயிலைப் பாத்தியும், அதன் கீழே ஓட்டு வீடுகளின் வரிசை ஒன்றுமே இருக்கின்றன. விடியற்காலை மூன்று மணிக்கு அந்த வீடுகளில் உறங்குகிறவர்கள், "இந்தப் பக்கம் ஓடையே கிடையாதே, நமக்கு என்ன பயம்?" என்றுதான் படுத்திருப்பார்கள்.

மலைச்சரிவுகள் எல்லாம் சாலையினால் நேர்கின்றன என்று சொல்வது நியாயமாகாது. 1978-ம் வருஷம் நீலகிரியில் பெரும் சரிவுகள் ஏற்பட்டன. 1993 நவம்பரில் மேட்டுப்பாளையம் - குன்னூர் சாலையில் மரப்பாலம் அருகே மலை இறங்கிச் சாலையையே அடித்துக்கொண்டு போயிற்று. பல உயிர்கள் மாண்டன. 2009 நவம்பரில் மாவட்டத்தின் பல இடங்களில் ஒரே சமயத்தில் சரிவுகள் நேர்ந்து நாற்பது பேருக்கு மேல் இறந்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 32 அங்குலத்துக்கு மேல் மழை கொட்டியது. அத்தகைய மழையில் மனிதன் கால் படாத சரிவும் இறங்கக் கூடும். சோலைக்குள்ளும் சரிவுகள் நேர்ந்ததுண்டு. ஆயினும் எந்தச் சரிவு முதலில் இறங்குவது, அது யார் தலைமேல் இறங்குவது என்பவற்றில் வெட்டிய மண்ணுக்கும் வழி மாறிய தண்ணீருக்கும் பெரிய பங்கு உண்டு.

அமெரிக்காவின் மேற்குக் கரை மலைகளில் இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். வாஷிங்டன் மாநிலத்தில் மரம் ஏற்றும் லாரிகள் ஓடும் சரளைச் சாலைகளை ரீட், டன் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் ஆராய்ந்து 1984-ல் முடிவை வெளியிட்டார்கள். லாரிகள் ஓயாமல் ஓடும் சாலை, கைவிடப்பட்ட சாலையைப் போல் 130 மடங்கு மண்ணை ஓடைக்கு அனுப்புகிறது என்பது அவர்கள் கண்டது. சக்கரம் கல்லை அரைத்து மாவாக்க, மழை அந்த மாவைக் கழுவிக்கொண்டு போகிறது. ஆரிகன் மாநிலத்துக் காடு ஒன்றில் 1996-ல் வெளியான ஆராய்ச்சி, சாலைகளின் மொத்த நீளத்தில் 57 சதவிகிதம் ஓடைகளோடு நேரே இணைந்துவிட்டிருப்பதாகச் சொல்லிற்று. சாலையோர வாய்க்கால்கள் எல்லாம் ஓடையின் புதிய கிளைகளாகிவிட்டன என்பதுதான் இதன் பொருள். மலைக்கு இறைவன் கொடுத்த ஓடைகள் போதாவென்று நாம் புதிய ஓடைகளை வெட்டிக் கொடுத்திருக்கிறோம்!

ரயிலுக்கு இருநூற்றைம்பது பாலங்கள்

இந்த உண்மை பழைய பொறியாளர்களுக்குத் தெரியாததல்ல. நீலகிரி மலை ரயிலைப் பாருங்கள். 1899-ல் குன்னூர் வரையிலும் 1908-ல் உதகமண்டலம் வரையிலும் வந்த பாதை அது. மொத்த நீளம் 46 கிலோமீட்டர், அதாவது இருபத்தெட்டரை மைல். அதில் 16 குகைகள், 208 வளைவுகள், பாலங்கள் மட்டும் 250. சராசரியாக இருநூறு கஜத்துக்கு ஒரு பாலம். பல் சக்கரத்தைப் பற்றிப் புகைப்படம் எடுக்கிறவர்கள் அநேகர். பாலங்களை எண்ணுகிறவர்கள் இல்லை. அந்தப் பாலங்களில் பெரும்பாலானவை, மழை வரும் நாலு மாதத்துக்காக, வறண்ட பள்ளங்களின்மேல் கட்டப்பட்டவை. தண்ணீருக்கு அதன் பழைய உரிமையை விட்டுக்கொடுத்து, நாம் அதன் தலைக்கு மேலே போவது என்பது அவர்கள் கொண்ட கொள்கை. அப்படியிருந்தும் வடகிழக்குப் பருவமழையில் கல்லாறு - குன்னூர் பகுதியில் மண் சரிந்து ரயில் நின்றுபோவது அடிக்கடி நேர்கிறது. இவ்வளவு செய்த பாதைக்கே இந்தக் கதி என்றால், ஒரு வாரத்தில் எந்திரத்தால் வெட்டிப் போட்ட தோட்டச் சாலைக்கு என்ன கதி?

எந்திரம் என்று சொன்னேன். கடப்பாரையாலும் மண்வெட்டியாலும் சாலை வெட்டிய காலத்தில், மனிதன் ஒரு நாளில் வெட்டக் கூடியது சிறிது. பாறை வந்தால் ஒதுங்கிப் போனான். ஊற்று வந்தால் நின்று யோசித்தான். இன்று ஜே.சி.பி. எந்திரம் ஒரு பகலில் ஒரு குன்றின் காலை வாரிவிடுகிறது. நீலகிரி மாவட்டத்தில் மண் வெட்டும் எந்திரங்களை அனுமதியின்றி இயக்கக் கூடாதென்று தடை வைத்திருப்பது இதனால்தான். தடை இருப்பது நல்லது. இரவில் அவற்றின் சத்தம் கேட்கிறதென்று செய்தித்தாளில் அவ்வப்போது படிக்க நேர்வது நல்லதல்ல.

நம் பக்கத்திலேயே இன்னொரு பாடமும் நடந்திருக்கிறது. போடிநாயக்கனூரிலிருந்து மூணாறுக்குப் போகும் நெடுஞ்சாலை, தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாக ஏறி இறங்கிய வழி. அதில் தேவிகுளத்துக்குப் பக்கத்தில் 'கேப் ரோடு' என்ற பகுதியை, பாறைக்கு வெடி வைத்து அகலப்படுத்தினார்கள். 2019-லும் 2020-லும் அங்கே பெரும் பாறைச் சரிவுகள் நேர்ந்தன. சாலை மூடியது, கீழே இருந்த விளைநிலங்கள் கற்குவியலுக்குள் போயின. வடக்கே இமயமலையில், நான்கு புண்ணியத் தலங்களுக்கும் போகும் சாலையை அகலப்படுத்தும் வேலையில் எவ்வளவு அகலம் என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 2020 செப்டம்பரில் ஐந்தரை மீட்டர் போதும் என்று தீர்ப்பாயிற்று. 2021 டிசம்பரில் எல்லைக் காவலின் அவசியத்தைக் கருதி அகலமான சாலைக்கு அனுமதி கிடைத்தது. நாலரை மீட்டர் கூடுதலாக வேண்டுமென்றால் மலையில் எத்தனை உயரத்துக்கு வெட்ட வேண்டும் என்பது சரிவைப் பொறுத்தது. நாற்பத்தைந்து டிகிரி சரிவில், உள்பக்கமே முழுவதும் வெட்டினால், வெட்டு முகம் இன்னும் பதினைந்து அடியாவது உயரும். சமவெளியில் சாலையை அகலப்படுத்துவது விரிப்பை விரிப்பது போல. மலையில் அது சுவரை உயர்த்துவது போல.

சாலை வேண்டாமா?

இதையெல்லாம் படித்துவிட்டு, "அப்படியானால் மலைக்குச் சாலையே வேண்டாம் என்கிறீரா?" என்று நேயர்கள் கேட்கலாம். அப்படிச் சொல்ல எனக்கு வாய் வராது. தமிழ்நாட்டின் மலைக் கிராமங்கள் சிலவற்றில் பிரசவ வேதனைப்படும் பெண்ணைத் தொட்டில் கட்டித் தோளில் சுமந்து இறங்குகிறார்கள். சமவெளியில் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டு, மலை அழகு கெடக் கூடாது, அவர்கள் நடந்தே வரட்டும் என்று சொல்வது கொடுமை. அங்கே சாலை போக வேண்டும். அது ஒரு வருஷ மழையில் அடித்துப் போகாமல் நிலைத்திருக்கவும் வேண்டும். ஒரு பருவத்தில் போட்டு அடுத்த பருவத்தில் காணாமற் போகும் சாலை அந்தப் பெண்ணுக்கு உதவாது; ஒப்பந்தக்காரர் ஒருவருக்கே மறுபடியும் உதவும்.

நிலைத்திருக்கும் சாலைக்கு என்ன வேண்டும் என்பது பரம ரகசியம் அல்ல. தண்ணீரை ஓரிடத்தில் சேரவிடாமல் சின்னச் சின்னப் பங்காகப் பிரித்து, பாறையோ புல்லோ உள்ள இடங்களில் இறக்கிவிட வேண்டும். மதகு ஒன்றுக்குப் பதிலாக மூன்று வேண்டும். மதகுக்கு வெளிப்பக்கத்தில் தண்ணீர் விழும் இடத்தில் கல் பாவ வேண்டும்; இல்லாவிட்டால் அது விழுந்த இடத்தைக் குடைந்து, பின்னோக்கிக் குடைந்து, சாலையையே தின்னும். எந்த மதகும் அடைபடக் கூடும் என்று எதிர்பார்த்து, அதற்கு நேர் மேலே சாலையின் முதுகைச் சற்றுத் தாழ்த்தி வைத்தால், வழிகிற தண்ணீர் சாலையோடு திரும்பாமல் தன் பள்ளத்திலேயே குதித்துவிடும். இதற்கு ஆகும் செலவு அற்பம்.

தாங்கு சுவர் கட்டுகிறார்கள். பலமான சுவர்; கருங்கல்லும் சிமெண்டுமாகப் பார்க்கக் கம்பீரமாக இருக்கிறது. அந்தச் சுவரில் வரிசை வரிசையாகக் கசிவுத் துளைகள் உண்டா என்று பார்க்க வேண்டும். துளையில்லாத சுவர், சுவரல்ல, அணை; பின்னால் தேங்கும் தண்ணீர் ஒரு நாள் அதை முன்னால் தள்ளும். பழைய காலத்தில் சாந்து பூசாமல் கல்லைக் கல்லின்மேல் அடுக்கிய சுவர்கள் எத்தனையோ மழைக்காலங்களைத் தாங்கி நிற்பதற்குக் காரணம், அதில் எல்லா இடமும் துளை என்பதுதான். வெட்டு முகத்தில் வெட்டிவேர் வைப்பதும் நல்ல பலன் தருகிறது. கோடையில் பானைத் தண்ணீரில் போட்டு மணக்க மணக்கக் குடிக்கிறோமே, அதே வெட்டிவேர்தான்! அதன் வேர் பத்தடி ஆழம் வரை செங்குத்தாக இறங்கி மண்ணைத் தைத்துவிடும். அண்மை ஆண்டுகளில் நீலகிரிச் சாலைகள் சிலவற்றில் சரிவுக்குள் நீண்ட இரும்புக் கம்பிகளைச் செருகி, மேலே வலை போர்த்தி, புல் விதையைக் கூழாகக் கரைத்துத் தெளிக்கும் முறையும் வந்திருக்கிறது. ஆபத்தான இடங்களில் அது அவசியந்தான். ஆனால் மைல்கணக்கில் அப்படிச் செய்யப் பணம் எங்கே இருக்கிறது?

மைல்கணக்கில் செய்யக் கூடியது வேறொன்று இருக்கிறது. ஐப்பசி பிறப்பதற்கு முன் மதகுகளின் வாயைத் திறந்து வைப்பது. மழை பெய்துகொண்டிருக்கும்போதே, சாக்குப் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, மண்வெட்டியோடு சாலையோரம் நடந்து, தண்ணீர் எங்கே வழி மாறுகிறது என்று பார்த்து அங்கேயே ஒரு வெட்டு வெட்டித் திருப்பிவிடுவது. இந்த வேலை செய்கிறவர்கள் சாலைப் பணியாளர்கள். ஒரு நல்ல பணியாளர் தம் பொறுப்பிலுள்ள சில மைலில் ஒவ்வொரு மதகின் குணத்தையும் மருமகள் குணத்தை மாமியார் அறிவதுபோல் அறிந்திருப்பார். புதிய சாலைக்குத் திறப்பு விழா உண்டு, மாலை உண்டு, கல்லில் பெயர் உண்டு. திறந்திருக்கும் மதகுக்கு அதில் ஒன்றும் இல்லை. ஆகையால் வரவு செலவுத் திட்டத்தில் முன்னதற்குப் பணம் கிடைக்கிற வேகத்தில் பின்னதற்குக் கிடைப்பதில்லை.

இனி, ஒற்றையடிப் பாதைக்கு வருவோம். அதற்கும் மருந்து உண்டு. தென்னமெரிக்காவில் இன்கா மன்னர்கள் சக்கரமே இல்லாத காலத்தில் ஆண்டிஸ் மலைமேல் பாதை போட்டார்கள். செங்குத்தான இடங்களில் கல் படிகளும், தண்ணீர் வெளியேறக் கால்வாய்களும் வைத்தார்கள். ஐந்நூறு வருஷத்துக்குப் பிறகும் அவற்றில் ஜனங்கள் நடக்கிறார்கள். மச்சு பிச்சுவுக்குப் போகும் இன்கா பாதையில், சுமையாட்கள் உட்பட நாளொன்றுக்கு 500 பேரையே பெரு அரசாங்கம் விடுகிறது. பிப்ரவரி மாதம் முழுதும் பாதையை மூடிச் செப்பனிடுகிறார்கள். இங்கிலாந்தில் பென்னைன் மலை முதுகில் 1965-ல் திறந்த நடைபாதை ஒன்று, நடப்பவர்கள் கூட்டத்தால் சதுப்பு மண்ணில் வயல் அகலத்துக்குப் பரந்து சேறாகிவிட்டது. இடித்துப்போட்ட பழைய பஞ்சாலைகளின் தளக் கற்களை ஹெலிகாப்டரில் தூக்கிக்கொண்டு போய் அங்கே பாவினார்கள். ஆலைத் தொழிலாளிகளின் மரச் செருப்புத் தேய்த்த கற்கள் இன்று உல்லாசப் பிரயாணிகளின் பூட்ஸைத் தாங்கிக்கொண்டிருக்கின்றன.

நம் நாட்டில் வண்டிகளுக்கு மட்டும் ஒரு கணக்கு ஏற்பட்டிருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் போகிற வண்டிகள் இ-பாஸ் பெற வேண்டுமென்று ஆயிற்று. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரையில் நீலகிரிக்கு நாளொன்றுக்கு 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று உச்ச வரம்பும் வைத்தார்கள். வண்டியை விட்டு இறங்கிய கால்களுக்குக் கணக்கில்லை. வளைந்து வளைந்து போகும் நடைபாதையில், இரண்டு வளைவுகளுக்கு நடுவே நேரே இறங்கிவிடலாமென்று தோன்றாத இளைஞர் அபூர்வம். முதல் நாள் அங்கே புல் சாய்ந்திருக்கும். ஒரு கோடை விடுமுறை முடிவதற்குள் அது சிவந்த கோடாகிவிடும். அடுத்த மழையில் மேல் வளைவின் தண்ணீர் முழுவதும் அந்தக் கோட்டின் வழியாகக் கீழ் வளைவில் வந்து விழும்.

அனுபவமுள்ள வனக் காவலர்கள் இத்தகைய குறுக்குவழியைக் கண்டால் அறிவிப்புப் பலகை நடுவதோடு நிற்பதில்லை. பலகையை யார் படிக்கிறார்கள்! முள் மரக் கிளைகளை வெட்டி, மேல் முனையிலும் கீழ் முனையிலும் குறுக்கே போட்டுவிடுகிறார்கள். நடுவில் நாலைந்து கற்களை வரப்புபோல் வைத்துத் தண்ணீரைப் பக்கத்துப் புல்லுக்குத் திருப்புகிறார்கள். கால் படாமலிருந்தால், மண் இன்னும் மிச்சமிருக்கும் இடங்களில் இரண்டு மூன்று பருவமழைக்குள் புல் மறுபடி மூடிக்கொள்கிறது. மண் போய்ப் பாறை தெரிந்துவிட்ட இடங்களில் மூடுவதில்லை.